சனிக்கிழமைப் போணி

காபிப் பொடி விற்கிறவளுக்கு மனிதர்களின் விரல்களைப் பற்றித் தெரிந்துவிடும். தெரியாமலே இருந்திருக்கலாம். டப்பா மூடியைத் திறந்த மாத்திரத்தில் ஒரு விரல் உள்ளே இறங்கும். ஒரு சிட்டிகை பொடியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, மூக்கில் வைத்து உறிஞ்சிவிட்டு, கையில் மிஞ்சியதைத் திரும்ப டப்பாவிலேயே தட்டிவிட்டு, "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கை அதற்கு முன் எங்கெங்கே இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குக் குமட்டும். ஒரு ஸ்பூன் வாங்கி வைத்தேன். ஸ்பூனை மரியாதையாக எடுத்து ஓரம் வைத்துவிட்டு விரலை விட்டார்கள்.

ருசி பார்க்கக் கொடுக்கும் காபி இன்னொரு கொடுமை. சின்னக் காகிதக் கப்பில் ஒரு வாய் ஊற்றிக் கொடுப்போம். ஒரே ஆள் சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு தடவையும் புது ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கை நீட்டுவார். குடித்து முடித்த கப்பை, பக்கத்திலேயே கூடை இருக்க, வறுத்த கொட்டை மூட்டைக்குள் போட்டுவிட்டுப் போனவரும் உண்டு. அதில் வெற்றிலை எச்சில் சிவப்பாக ஒட்டியிருந்தது. மேலாக இருந்த கொட்டையை எல்லாம் அள்ளிக் கொட்டினேன். அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வெறுப்பேற்றியது சிக்கரி. ஏற்காட்டுக் கொட்டையைச் சேலத்தில் வாங்கி, பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்து, கல்லும் கருத்த கொட்டையும் பொறுக்கி, நிறம் பார்த்து வறுத்துக் கொடுத்தால், அடுத்த வாரம் வந்து, "தண்ணியா இருக்குதும்மா, கெட்டியா எறங்குற மாதிரி குடு" என்பார்கள். பாதிக்குப் பாதி சிக்கரி கலந்து கொடுத்தால் முகம் மலர்ந்துவிடும். டிகாஷன் கருப்பாக, பிசுக்கென்று இறங்க வேண்டும். அதுதான் அவர்களுக்குக் காபி. ரோடு போடும் தாரைக் காய்ச்சி ஊற்றியிருந்தாலும் டம்ளரை நீட்டியிருப்பார்கள்.

இப்படி எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கிறவள் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். வாழ்நாள் முழுக்க டீ மட்டும் குடிக்கிறவர். காபிக் கொட்டை வறுக்கிற வீட்டில் இருந்துகொண்டே தெருமுனைக் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவார். கேள்வி நியாயமானதுதான். எனக்கு வறுப்பது பிடிக்கும், விற்பதுதான் பிடிக்காது. பச்சைக் கொட்டை உருளைக்குள் சரசரவென்று புரளும். முதலில் வைக்கோல் வாசனை வரும், பிறகு மஞ்சளாகும், பிறகு படபடவென்று வெடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் ஓய்கிற சமயம் பார்த்து அடுப்புக் கரியை வெளியே இழுத்துவிட்டு, கொட்டையை முறத்தில் கொட்டி விசிற வேண்டும். அந்த நேரத்தில் என்னிடம் யாரும் பேச முடியாது. அதற்காகவே வறுக்கலாம்.

இதைக் கற்றுக்கொண்டது புதுச்சேரியில். கல்யாணத்துக்கு முன் அங்கே ஒரு காபிக் கடையில் பில் போடும் வேலை பார்த்தேன். பில் போட்டுக்கொண்டே வறுக்கிற ஆளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தாறில், என்னோடு பி.எஸ்ஸி. படித்த தோழி ஒருத்தி, நாமே சேர்ந்து செய்யலாம் என்று வந்தாள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பம். அவள் மாமனார் உழவர் சந்தையில் விவசாயி அட்டை வைத்துக் கத்தரியும் வெண்டையும் விற்கிறவர். சந்தைக்குள் விவசாயிகளுக்குத்தான் கடை. காபி கடலூர் மாவட்டத்தில் விளையாது என்பதால் எங்களுக்கு உள்ளே இடமில்லை. மாமனார் பேசி, வெளியே சைக்கிள் ஸ்டாண்டு மதிலை ஒட்டி ஒரு பலகை போட்டுக்கொள்ள இடம் பிடித்துக் கொடுத்தார். வாரநாளில் கடலூர்ச் சந்தை, சனிக்கிழமை சிதம்பரம் சந்தை. வறுப்பது நான், முதுநகரில் என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில். கூவி விற்பது அவள். அவளுக்கு வாய் இருந்தது. குங்குமம், மல்லிகை, வளையல் எல்லாமும் இருந்தன.

எனக்கு அவை எதுவும் கிடையாது. எங்கள் சபையில் நகை போடுவதில்லை, பூ வைப்பதில்லை, பொட்டு வைப்பதில்லை. கழுத்தில் தாலியும் கிடையாது. கடலூரில் இதை யாரும் ஒரு விஷயமாகப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் இப்படித்தான் இருப்போம். வெற்று நெற்றியைப் பார்த்தால், ஜெபத்துக்குப் போகிறவள் என்று சந்தைக்காரர்களுக்குத் தெரியும். சிதம்பரத்தில்தான் அது பிரச்சினையாயிற்று.

சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து நான் தனியாகச் சிதம்பரம் போய்விடுவேன். தோழி வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டு, குறிஞ்சிப்பாடியிலிருந்து பிந்தித்தான் வருவாள். பலகையைத் துடைத்து, டப்பாக்களை அடுக்கி, அரைக்கிற கை மெஷினைப் பலகையில் முடுக்கி, வாசனைக்காக ஒரு பிடி கொட்டையை வாணலியில் போட்டுப் புரட்டுவேன். ஆள் வரும். வாசனை பிடித்துக்கொண்டே ஆள் வரும். ஆனால் வாங்காது. தோழி வந்து நின்ற பிறகுதான் வியாபாரம் நடக்கும். அவளுக்கு வாய் இருக்கிறது, அதனால் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்தார். கால் கிலோ கேட்டார். அரைத்துப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு காசை எடுக்கப் பையில் கைவிட்டவர், அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். நெற்றி, கழுத்து, காது என்று ஒவ்வொரு இடமாகப் பார்வை போனது. காசு பையிலேயே நின்றுவிட்டது. பொட்டலத்தைப் பலகையில் வைத்தார்.

"போணி ஆவட்டும்மா. ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

அவர் வரவில்லை. வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டு எதிர் வாசல் வழியாகப் போனதை நான் பார்த்தேன்.

காலையில் நடக்கும் முதல் வியாபாரம் போணி. அந்தக் காசைத் தராசில் தொட்டு, கண்ணில் ஒற்றித் தனியாக வைப்பார்கள். யார் போணி பண்ணுகிறார்களோ அவர்கள் கைராசிதான் அன்றைய வியாபாரம். சந்தையில் இதை நம்பாதவர்கள் இல்லை. நான் நம்புவதில்லை, அதனால் யோசித்ததும் இல்லை. தோழி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு மாதிரி இழுத்தாள்.

"உன்ன தாலியறுத்தவன்னு நெனச்சிக்கிறாங்கடி. காலங்காத்தால மொத காச உன் கையில குடுக்க யோசிக்கிறாங்க."

என் வீட்டுக்காரர் அந்நேரம் கடலூரில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். சிதம்பரத்தில் அவரைக் கொன்று கருமாதியே முடித்துவிட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டினேன். பாதி வெளியே சிந்தியது. இத்தனைக்கும் முதலில் வந்த கோபம் என்னை அப்படி நினைத்துவிட்டார்களே என்றுதான். அப்படியே இருந்தால்தான் என்ன என்பது பஸ் ஏறி வீட்டுக்கு வரும்போதுதான் தோன்றியது. புருஷன் செத்தவள் கொடுத்தால் காபி கசக்குமா? காபி எப்படியும் கசப்புதான்.

அந்த வாரத்திலிருந்து அந்த ஊர் எனக்கு நாறத் தொடங்கியது. சந்தை வாசலில் அழுகிய கோஸ் இலையும் மீன் தண்ணீரும் கலந்து ஒரு கால்வாய் போகும். அந்த நாற்றமும் இந்த ஞாபகமும் இன்றைக்கும் சேர்ந்தே வருகின்றன.

அதற்கடுத்த மாதத்திலிருந்து ஒரே ஒருத்தர் மட்டும் எனக்குச் சனிக்கிழமை தவறாமல் போணி பண்ணத் தொடங்கினார். அறுபதை நெருங்கும் அம்மா. மெலிந்த உடம்பு, நிறம் போன நூல் புடவை, என்னைப் போலவே வெற்று நெற்றி. புருஷன் பல்கலைக்கழகத்தில் அட்டெண்டராக இருந்து இறந்துபோனவர். மகன் வீட்டில் இருந்தார். வீடு விழித்துக்கொள்வதற்கு முன் எழுந்து, தனக்கென்று ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்துவிடுவது அவர் வழக்கம். அதற்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, தன் பென்ஷன் காசில் தன் பொடி என்று ஒருமுறை சொன்னார்.

நான் பலகையைத் துடைத்து முடிப்பதற்குள் வந்து நிற்பார். நூறு கிராம், பாதிக்குப் பாதி சிக்கரி. மற்றவர்கள் கேட்டால் எரிச்சல் வரும் சிக்கரி, அவர் கேட்டால் வராது. எனக்கே அது வேடிக்கையாக இருக்கும். அவரிடம் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அவர் ஒருநாளும் டப்பாவுக்குள் விரலை விட்டதில்லை. பலகையைக்கூடத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார். நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பொட்டலத்தைக் கொடுத்ததும் முந்தானையில் முடிந்துவைத்த காசை அவிழ்த்து, என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிடுவார். மற்றவர்கள் காசை வீசுவார்கள், இவர் கொடுப்பார்.

"நான்தான் இன்னிக்கு போணி" என்பார். அந்த நேரம் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு வருமே, அந்த மாதிரி. அடுத்த சனிக்கிழமை வந்ததும், முதல் கேள்வி, போன வாரம் நல்லா ஓடுச்சா என்பதாக இருக்கும். ஓடுச்சும்மா என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார். எதற்காக அதை அத்தனை அக்கறையாகக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. விடியற்காலையில் எழுந்து வரும் ஒரு கிழவிக்கு யாரிடமாவது பேசவேண்டும், பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒரு சனிக்கிழமை தோழி அதிசயமாக முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். அந்த அம்மா என் கையில் காசை வைத்து மூடுவதை அவள் எதிரில் நின்று பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மா போனதும் குழாயடியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துவந்து பலகையைச் சுற்றித் தெளித்தாள்.

"இந்தம்மாகிட்டதான் வாராவாரம் போணி பண்றியா?"

ஆமாம் என்றேன். அதனால்தான் இங்கே எதுவும் துலங்கவில்லை என்றாள். படித்தவள். எனக்கு விலங்கியல் நோட்ஸ் எழுதிக் கொடுத்தவள். கையில் சொம்பை வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாயில் வந்ததை எல்லாம் கேட்டேன். அவளும் விடவில்லை. நீ வைத்திருக்கிற நெற்றிக்கு அந்த மாதிரி ஆள்தான் முதலில் வரும், வேறு யார் வருவார்கள் என்றாள்.

அன்றைக்கே, வேண்டுமென்றே நேரம் பார்த்த மாதிரி, ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். புருஷன் பெண்சாதி, கார். மகள் கல்யாணம். முகூர்த்தத்துக்கும் அதற்கு முன்நாளுக்கும் சேர்த்துப் பொடி முழுக்க எங்களிடமே எடுப்பதாகப் பேச்சு. அந்த மனுஷர் டப்பாவுக்குள் மூக்கையே விட்டார். நான் திரும்பிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை விடியலில் நல்ல நேரமாம். அப்போது வந்து முன்பணம் கொடுத்து முடிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திரும்பும் பஸ்ஸில் குறிஞ்சிப்பாடிக்காரி என்னோடு கடலூர் வரைக்கும் வந்தாள், இதைப் பேசுவதற்காகவே. கல்யாண வீட்டார் சுபகாரியத்துக்கு வருகிறார்கள். முதல் காசைக் கொடுக்கிற நேரத்தில் எதிரே வெறும் நெற்றி நின்றால் கொடுக்க மாட்டார்கள். இந்த ஆர்டர் போனால் சிதம்பரத்துக்கு நாம் வருவதே வீண், மாமனாரும் இடத்தை வேறு யாருக்காவது விட்டுவிடுவார். ஒரே ஒருநாள்தான். அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒவ்வொன்றும் பாசிப்பயறு அளவு, மெரூன் நிறம்.

அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சபைக்காரர்கள் யாராவது பஸ்ஸில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன். புதுச்சத்திரம் தாண்டியதும் அட்டையிலிருந்து ஒன்றை உரித்து நெற்றியில் ஒட்டினேன். பசை சில்லென்று இருந்தது. உண்ணி கடித்து உட்கார்ந்திருக்கிற மாதிரி அது அங்கேயே இருப்பதை வழியெல்லாம் உணர்ந்துகொண்டிருந்தேன். சந்தை வாசலில் ஒரு பூக்காரி, வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அன்றைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் மேலேயே துப்பிவிட வேண்டும்போல் இருந்தது.

தோழி சீக்கிரம் வருவதாகச் சொன்னவள் இன்னும் வரவில்லை. கல்யாண வீட்டாரும் வரவில்லை. நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்து வழக்கமான இடத்தில் நின்றார். நூறு கிராம் அளந்து, அரைத்து, பொட்டலத்தை நீட்டினேன். அவர் முந்தானை முடிச்சில் விரலை வைத்தபடி என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டு வச்சிருக்கியேம்மா."

சும்மா வைத்தேன் என்றேன்.

"சும்மா வப்பாங்களா? அப்ப உங்க வீட்டுக்காரரு..."

"கடலூர்ல இருக்காரும்மா. கோர்ட்டுல வேல."

அவர் கை முடிச்சிலிருந்து இறங்கியது. ஓரடி பின்னால் போனார். எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. அவர் பக்கத்துக் கடைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார்.

"நீயும் என்ன மாதிரின்னு நெனச்சுதாம்மா மொத காச உன் கையில குடுத்தேன். இந்தச் சந்தையில யாரும் எங்கிட்ட போணி வாங்க மாட்டாங்க. ரெண்டு ஆளு வாங்கனப்பறம்தான் நான் போவேன். நம்மள மாதிரிதானே இந்தப் பொண்ணும், இதுக்கு என்னா ஆவப்போவுதுன்னு... தெரியாம பண்ணிட்டேம்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் கேட்டார்.

"அவருக்கு ஒடம்பு கிடம்பு ஒண்ணுமில்லியே?"

அதற்கு முந்தைய ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்திருந்தார். அதை நான் சொல்லவில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், ஒரு குறையும் இல்லை என்றேன். நான் கிறிஸ்டியன், எங்களுக்கு இதெல்லாம் கிடையாது, நீங்கள் பண்ணின போணியில்தான் இத்தனை நாள் வியாபாரமே நடந்தது என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. எந்தச் சாமி கும்பிட்டால் என்ன, புருஷன் புருஷன்தானே என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை வாங்காமல் மதில் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அந்த இடத்தில் அவர் நின்றதைப் பார்த்ததும் தெரிந்தது, இத்தனை நாளும் மற்றக் கடைகளுக்கு அவர் அங்கிருந்துதான் காத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொட்டைப் பிய்த்து எடுத்தேன். அதை அவர் பார்த்துவிட்டார். மதில் ஓரத்திலிருந்தே இரண்டு கையையும் ஆட்டினார்.

"புருஷன வச்சிக்கிட்டு பொட்ட எடுக்காதம்மா. வச்சிக்கோ. நான் பாத்துட்டு நிக்கிறேன், வை."

வைக்காமல் அவர் கண்ணை எடுக்க மாட்டார் போலிருந்தது. அவருக்காகத் திரும்ப ஒட்டினேன். பசை போய்ச் சாய்வாக ஒட்டிக்கொண்டது. சிதம்பரத்தில் இதுவரை யார் யாரோ என் நெற்றியைப் பார்த்து முகம் சுளித்தபோதெல்லாம் எனக்கு அழுகை வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. வாணலிப் புகை கண்ணில் பட்டதாக வைத்துக்கொண்டேன்.

கல்யாண வீட்டார் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தோழியும் வந்துவிட்டாள். அந்த மனுஷர் என் நெற்றியைப் பார்த்தார், திருப்திப்பட்டார், முன்பணத்தை வெற்றிலை பாக்கோடு சேர்த்து என் கையிலேயே கொடுத்தார். தோழி அதை வாங்கித் தராசில் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். கார் கிளம்பும்வரை காத்திருந்து, மதில் ஓரத்திலிருந்த அம்மா வந்தார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். காசைப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். நல்லா ஓடுச்சா என்று கேட்கவில்லை.

தோழிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. வறுத்த வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ பொட்டு வச்சா அந்தம்மா தானா ஒதுங்கிடும்னு எனக்குத் தெரியும்டி. நம்ம வாயால சொல்லவும் வாணாம் பாரு."

அந்த வேர்க்கடலைத் தோல் அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மனுஷியைப் பார்த்து எனக்கு அவ்வளவு அருவருப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பொட்டைப் பிய்த்து அவள் வளையலில் ஒட்டிவிட்டேன். நெற்றி வேண்டுமென்றால் நீ முதல் பஸ்ஸில் வந்து நில், இனி நான் கொண்டுவருகிற நெற்றி இதுதான் என்றேன். அவள் முதல் பஸ்ஸில் வரவில்லை, எப்போதும்போல் பிந்தித்தான் வந்தாள். காலையில் எழுந்திருக்க அவளால் ஆகாது. தொழிலை விட்டுவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு வறுக்கத்தான் தெரியும், வேறு எங்கே போய் வறுப்பது?

அடுத்த சனிக்கிழமை வெற்று நெற்றியோடுதான் போய் நின்றேன். அந்த அம்மாவுக்கு அது இனி செல்லாது. என் புருஷன் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மதில் ஓரத்தில் நின்றார். வெற்று நெற்றி என்பதால் மற்றவர்கள் என்னிடம் போணி பண்ண மாட்டார்கள். அவர்கள் பண்ணாததால் இவர் வர மாட்டார். இந்த முட்டாள்தனத்தின் நடுவில், வெயில் ஏறும்வரை, ஒரு நூறு கிராம் பொட்டலத்தைக் கட்டி வைத்துக்கொண்டு நானும் ஒரு காபிக்காக அவரும் எதிரெதிரே நின்றோம். கடைசியில் அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்திக் கத்திச் சொன்னேன். அவர் டைப் அடிக்கிறவர் என்பதால் எதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். கேட்டார். கேட்டுவிட்டு டீ குடிக்கத் தெருமுனைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த சனிக்கிழமை நான் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது தூக்கக் கண்ணோடு எழுந்து வந்து, ஆணியில் தொங்கிய சட்டைப் பையைத் துழாவி, ஒரு நாணயத்தை என் கையில் வைத்தார்.

"இதுக்கு எவ்ளோ வருதோ அவ்ளோ பொடி குடு."

நீங்கள்தான் காபியே குடிக்க மாட்டீர்களே என்றேன்.

"குடிக்கிறதுக்கா வாங்குறேன்? போணி ஆச்சா இல்லியா? போய் அந்தம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சிதம்பரத்தில் பலகையைத் துடைத்ததும் மதிலைப் பார்த்துக் கையசைத்தேன். போணி ஆயிடுச்சும்மா, வாங்க என்றேன். நம்பாமல் சுற்றும்முற்றும் பார்த்தார். யாரு என்று கேட்டார். எங்க வீட்டுக்காரரு என்றேன். முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக வந்தார்.

"நல்லா இருக்காரா?"

"கொறட்ட விட்டுத் தூங்குறாரும்மா."

அவர் சிரித்தார். அந்த ஊரில் நான் பார்த்த ஒரே நல்ல சிரிப்பு அது. சில வருடம் கழித்து வந்த புயலில் மதில் இடிந்து எங்கள் இடம் போகிறவரை, ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வீட்டுக்காரர் ஒரு நாணயத்துக்குப் பொடி வாங்கினார். அடுப்படி அலமாரியில் அவர் குடிக்காத பொட்டலங்கள் சேர்ந்து வீடெல்லாம் மணத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அம்மா முதல் ஆளாக வந்து அவரைப் பற்றி விசாரித்துவிட்டு நூறு கிராம் வாங்கினார்.

நானும் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டினேன். அவர் காசைப் பலகையில்தான் வைப்பார். வைத்துவிட்டு, டப்பாவுக்குள் ஒருநாளும் விடாத அந்த விரலால், என் பக்கமாக மெதுவாகத் தள்ளுவார்.